பச்சை தெரிந்தால் போதுமா?

ஆன்கா டெஸ்ட் கேட்டு ஒரு சீட்டு வந்தால் எங்கள் லேபில் எழும் முதல் கேள்வி ரத்தத்தைப் பற்றியது அல்ல. “யூரின் வந்திருக்கா?” என்றுதான் அக்கா கேட்பார். வரவில்லையென்றால், நோயாளி ஆட்டோ ஏறுவதற்குள் ஓடிப்போய் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து வாங்கிவர வேண்டும். டாக்டர் எழுதாத டெஸ்டை நாம் ஏன் கேட்க வேண்டும், பில்லில் ஏறாத வேலையை ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சேர்ந்த புதிதில் எனக்கு விளங்கவில்லை. கேட்டால், “செய்யி, பெறவு சொல்லுதேன்” என்பார்.

நான் டிஎம்எல்டி முடித்துவிட்டு வந்தவள். சர்க்கரை, கொழுப்பு, எங்கள் பக்கத்தில் ‘உப்பு’ என்று ஒரே பெயரில் முடித்துக்கொள்ளும் யூரியாவும் கிரியாட்டினினும், இவையெல்லாம் படிக்கும்போதே கைக்கு வந்துவிட்டன. அந்த வேலையில் பாதியை மெஷினே பார்த்துக்கொள்ளும். குழாயை வைத்துப் பட்டனைத் தட்டினால் எண் வரும். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்து உண்டாக்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் டெஸ்டுகள் அந்த ரகமில்லை. எங்கள் லேபிலிருந்து நெடுநாள் அவற்றைச் சென்னைக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியில் அடைத்த சீரம் சாயங்காலம் கூரியரில் கிளம்பும். ரிப்போர்ட் வர நாலைந்து நாள். கிரியாட்டினின் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த நாலைந்து நாள் சின்ன விஷயமில்லை. கடைசியில் ஒரு ஃப்ளோரசென்ஸ் மைக்ரோஸ்கோப் வாங்கினார்கள். எக்ஸ்ரே டிஜிட்டல் ஆனபின் சும்மா கிடந்த, ஃபிலிம் கழுவும் இருட்டறையை அதற்கு ஒதுக்கினார்கள். சுவரில் பழைய ஃபிக்ஸர் வாடை இன்னும் போகவில்லை. வேலூரில் பயிற்சி எடுத்திருந்த அக்கா பொறுப்பேற்றார். அவருக்குக் கையாளாக நான்.

அக்கா என்னை எடுத்தவுடன் ஸ்லைடைத் தொட விடவில்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரியாதவள் லென்ஸில் கண் வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். ஆகவே முதல் பாடம் நியூட்ரோஃபிலைப் பற்றி.

ரத்தத்தின் வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்கள். கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடுவது இவைதான். இவற்றின் உள்ளே சின்னச் சின்னத் துகள்கள் நிறைய உண்டு. ஒவ்வொன்றிலும் கிருமியைக் கொல்லும் நொதிகள். இரண்டு நொதிகளின் பெயர் எங்களுக்கு முக்கியம். ஒன்று புரோட்டினேஸ் 3, சுருக்கமாக பிஆர்3. புரதத்தை வெட்டும் நொதி. இன்னொன்று மையலோபெராக்சிடேஸ், எம்பிஓ. இந்த இரண்டாவது செய்யும் வேலையைக் கேட்டபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மா பல வருடம் உப்பளத்தில் உப்பு வாரியவர். தூத்துக்குடிப் பக்கம் விளையும் உப்பில் ஒரு பங்கு சாப்பாட்டுக்குப் போகாமல் ஆலைக்குப் போய்க் குளோரினாகிறது என்பது சாகுபுரம் பக்கம் போய் வந்த யாருக்கும் தெரியும். எம்பிஓவும் உப்பிலிருக்கும் குளோரைடை எடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்த்து, ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிக்கிறது. தரை கழுவும் பிளீச்சிங்கில் கிருமியைக் கொல்லும் அதே சரக்குதான். அணுவுக்குள்ளேயே அது உற்பத்தியாகிறது. சீழும் கெட்டிச் சளியும் பச்சை நிறமாக இருப்பதற்கு இந்த நொதியின் நிறமே காரணம் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சிலருடைய உடம்பு இந்த இரண்டில் ஒன்றை அந்நியம் என்று நினைத்து எதிர்ப்புப் பொருள் உண்டாக்கிவிடுகிறது. அதுதான் ஆன்கா, நியூட்ரோஃபில் சைட்டோபிளாச எதிர் ஆன்டிபாடி. அது போய் ஒட்டிக்கொண்டால் நியூட்ரோஃபில் கிருமியே இல்லாத இடத்தில், மெல்லிய ரத்தக் குழாயின் சுவரிலேயே தன் சரக்கைக் கொட்டுகிறது. குழாய் அழற்சி, அதாவது வாஸ்குலைட்டிஸ். மூக்கு, காது, நுரையீரல், தோல், நரம்பு என்று எங்கே வேண்டுமானாலும் வரும். சிறுநீரகத்தில் வந்தால்தான் ஆபத்து சத்தமில்லாமல் வளரும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டி முடிச்சுகள் உண்டு. ஒவ்வொன்றும் மெல்லிய ரத்தக் குழாய்களின் சுருள். அந்தச் சுருள் கிழிந்தால் ரத்தம் சிறுநீரில் கசியும். கிழிந்த முடிச்சைச் சுற்றி அணுக்கள் பிறை வடிவத்தில் பெருகி அதை நெரித்துவிடும். வலி கிடையாது. சில வாரங்களில் சிறுநீரகம் போய்விடலாம். “வலிச்சா ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க. இது வலிக்காதுட்டி” என்றார் அக்கா. யூரின் டப்பாவுக்கான விளக்கம் இதோடு கிடைத்துவிட்டது.

யூரின் பார்ப்பது கல்லூரியில் யாரும் மதிக்காத பாடம். பட்டையை முக்கி, நிறம் பார்த்து, எழுதிவிட்டுப் போவோம். அக்காவிடம் அது நடக்காது. புதிதாகப் பிடித்ததாக இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் ஒரு மணி நேரம் மேசையில் கிடந்தால் அணுக்கள் கரைந்து போகும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேல் தண்ணீரை ஒரே சாய்ப்பில் கொட்டி, அடியில் நிற்கும் ஒரு துளியை ஸ்லைடில் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். கல்லடைப்பாலோ புண்ணாலோ வந்த சிவப்பணு உருண்டையாக, முழுசாக இருக்கும். வடிகட்டி முடிச்சு வழியாகப் பிதுங்கி வந்தது ஒழுங்காக இருக்காது. ஓரத்தில் குமிழ் குமிழாகப் புடைத்து, உருக்குலைந்து கிடக்கும். அதைவிடப் பெரிய சாட்சி சிவப்பணு காஸ்ட். சிறுநீரக நுண்குழாய்க்குள் சிவப்பணுக்கள் இறுகி, குழாயின் வடிவத்திலேயே உறைந்து வெளியே வருவது. நான் முதன்முதலில் பார்த்தது ஆரஞ்சும் பழுப்பும் கலந்த, இருபுறமும் நேர்க்கோடாக ஓடும் ஒரு சின்ன உருளை. உள்ளே சிவப்பணுக்கள் நெருக்கியடித்து அடைந்திருந்தன. ஸ்லைடைத் தள்ளத் தள்ள இன்னொன்று வந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “அந்த சீரத்துக்கு ஆன்கா இன்னைக்கே போடு. பேட்ச் சேரட்டும்னு காத்திருக்காத” என்றார்.

பேட்ச் சேர்வது என்பது எங்கள் தொழிலில் தீராத தகராறு. ஒரு ரன் ஓட்டினால், நோயாளியின் சாம்பிள் ஒன்று இருந்தாலும் எட்டு இருந்தாலும், பாசிட்டிவ் கண்ட்ரோலும் நெகட்டிவ் கண்ட்ரோலும் கூடவே ஓட வேண்டும். செலவு. ஆகவே நாலைந்து சேரட்டும் என்று நிர்வாகம் சொல்லும். வாரக்கணக்கில் சிறுநீரகத்தைத் தின்னும் நோயின் டெஸ்டுக்கு வாரம் ஒருமுறை ரன் என்பது என்ன நியாயம் என்று அக்கா திருப்பிக் கேட்பார். இந்த வாக்குவாதத்தில் நான் வாய் திறந்ததில்லை. ஆனால் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமும் இருந்ததில்லை.

பிறகுதான் ஸ்லைடு. ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும் உறையை எடுத்தவுடன் பிரிக்கக் கூடாது. கடற்கரை ஊர், காற்றில் எப்போதும் ஈரம். குளிர்ந்த கண்ணாடி உடனே வியர்த்து, ஒட்டியிருக்கும் அணுக்கள் ஊறிக் கெட்டுப்போகும். மூடிய உறையோடு மேசையில் வைத்து அறைச்சூட்டுக்கு வரவிட வேண்டும். அதற்குள் சீரத்தை பஃபரில் 20க்கு 1 என்று கலந்து வைத்துக்கொள்வோம். ஸ்லைடின் ஒவ்வொரு கட்டத்திலும் நகக்கண் அளவுகூட இல்லாத கண்ணாடிச் சில்லுகள் ஒட்டியிருக்கும். ஒன்றில் எத்தனாலில் பதப்படுத்திய நியூட்ரோஃபில்கள், ஒன்றில் ஃபார்மலினில் பதப்படுத்தியவை, இன்னொன்றில் ஹெப்-2 என்ற வளர்ப்பு அணுக்கள். அக்கா படித்த காலத்தில் இப்படித் தயார் ஸ்லைடுக்குக் காத்திருக்க மாட்டார்களாம். ஆரோக்கியமான ஒருவரிடம் ரத்தம் எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, ஸ்லைடில் சுழற்றிப் பதியவைத்து, குளிர்ந்த எத்தனாலில் முக்கி அவர்களே செய்துகொள்வார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் கர்வம் தெரியும்.

சீரம் 30 மைக்ரோலிட்டர், அரை மணி நேரம். நோயாளியின் ரத்தத்தில் ஆன்கா இருந்தால் அது இந்த நேரத்தில் ஸ்லைடின் நியூட்ரோஃபிலில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு பஃபரால் கழுவ வேண்டும். “சில்லு மேல ஊத்தாத, மேல்பக்கம் ஊத்தி வழிய விடு.” அடுத்து மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி, அதன் வாலில் ஃப்ளோரசீன் சாயம் கட்டியிருக்கும். மறுபடி அரை மணி நேரம், மறுபடி கழுவல். கிளிசரின் வைத்து கவர்ஸ்லிப் மூடும்போது காற்றுக்குமிழ் விழக் கூடாது. இடையில் எங்கேயும் சில்லு காயக் கூடாது. காய்ந்தால் ஓரத்தில் ஒரு பொய்ப் பச்சை வளையம் மினுங்கும். மேலே ஃபேனைப் போட்டுவிட்டு வேலை செய்யும் பழக்கம் எனக்கு அதோடு போயிற்று.

இருட்டறைக்குள் போனதும் ஐந்து நிமிடமாவது சும்மா உட்கார வேண்டும். “வாட்ஸ்அப் பாத்த கண்ணோட வராத. கண்ணு இருட்டுக்குப் பழகட்டும்.” அந்த ஐந்து நிமிடத்தில்தான் அக்கா நிறையப் பேசுவார். நீல வெளிச்சம் போகும், சாயம் பச்சையாகத் திருப்பித் தரும். முதலில் நெகட்டிவ் கண்ட்ரோல். இருட்டு எவ்வளவு இருட்டு என்று தெரிந்தால்தான் வெளிச்சத்தின் அளவு தெரியும். பிறகு பாசிட்டிவ். அதன்பின்தான் நோயாளி. சாயம் வெளிச்சத்தில் நிற்க நிற்க வெளுத்துப்போகும் என்பதால் ஒரே இடத்தில் வெறித்துக்கொண்டிருக்கவும் முடியாது.

எத்தனால் சில்லில் இரண்டு வடிவங்களைப் பழக வேண்டும். பிஆர்3க்கு எதிரான ஆன்டிபாடி என்றால் அணுவின் உடல் முழுக்கப் பொடிப்பொடியாகப் பச்சை. நியூட்ரோஃபிலின் கரு மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்திருக்குமே, அந்த மடல்களின் நடுவில் பச்சை இன்னும் அடர்த்தியாக நிற்கும். கரு மட்டும் இருட்டு. இது சி-ஆன்கா. எம்பிஓவுக்கு எதிரானது என்றால் கருவை ஒட்டிச் சுற்றிலும் பச்சை, வெளியே ஒன்றுமில்லை. இது பி-ஆன்கா. வேடிக்கை என்னவென்றால், எம்பிஓவும் உண்மையில் அணுவின் உடலில்தான் இருக்கிறது. எத்தனால் துகள்களின் சவ்வைக் கரைத்துவிடுவதால், நேர்மின் ஏற்றமுள்ள அந்த நொதி எதிர்மின் ஏற்றமுள்ள கருவின்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. ஃபார்மலின் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே கட்டிப்போட்டுவிடும். ஆகவே உண்மையான எம்பிஓ ஆன்டிபாடி ஃபார்மலின் சில்லில் உடல் முழுக்கப் பொடிப்பச்சையாக மாறித் தெரியும். நாம் பதப்படுத்திய விதத்தால் வந்த தோற்றத்துக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரை வைத்து நோயைப் பேசுகிறோம் என்பது எனக்கு இன்றும் கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கிறது.

வடிவம் பார்த்தபின் அளவு. சீரத்தை 40, 80, 160 என்று இரட்டித்து இரட்டித்து நீர்க்கவைத்து, எந்த அளவுவரை பச்சை தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்போம். எனக்கு ஆரம்பத்தில் இந்த எண்மேல்தான் மோகம். வடிவத்தில் தயங்குகிறவளுக்கு எண் ஒரு பிடிமானம். அக்காவின் தாத்தா முத்து வியாபாரி ஒருவரிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். அந்தக் காலத்தில் முத்தைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் உண்டு. முதல் சல்லடையில் 20 கண், அடுத்ததில் 30, 50, 80 என்று ஏறி, கடைசிச் சல்லடையில் 1000 கண். எந்தச் சல்லடையில் நிற்கிறதோ அது முத்தின் பருமன். “சல்லடை பருமனத்தான் சொல்லும். ஆணிமுத்தா, கோணலா, ஒளி இருக்கா, அதுக்குத் தாத்தா ஒவ்வொண்ணா உள்ளங்கையில உருட்டிப் பாப்பாராம். நீ சல்லடையக் கட்டிக்கிட்டு அழாத” என்றார். 1:160 என்பதால் நோய் பெரிது, 1:20 என்பதால் நோயில்லை என்று சொல்ல முடியாது என்பதை எனக்கு வேறு யாரும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

கோணல் முத்துகளும் நிறைய வரும். முதன்மையான கோணல் ஏஎன்ஏ. கருவுக்கே எதிரான அந்த ஆன்டிபாடி இருந்தால் எத்தனால் சில்லில் கரு பளிச்சென்று எரியும். புதியவர் கண்ணுக்கு அது பி-ஆன்கா. அதற்காகத்தான் மற்ற இரண்டு சில்லுகள். ஃபார்மலினில் அது மங்கிப்போகும், ஹெப்-2 அணுக்களின் கருவில் எரியும். நியூட்ரோஃபில்களுக்கு நடுவே லிம்ஃபோசைட் என்ற வேறு வகை வெள்ளணு அகப்பட்டிருந்தால் அதன் கருவும் கூடவே எரியும். பெருங்குடல் புண் நோயிலும் சில ஈரல் நோய்களிலும் வரும் ஆன்கா இன்னொரு கோணல். பிஆர்3யும் இல்லாமல் எம்பிஓவும் இல்லாமல், எத்தனாலில் மட்டும் தலைகாட்டும். மாத்திரைகளும் ஆன்காவைக் கிளப்பும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரலசின், தைராய்டுக்குத் தரும் புரோப்பில்தயோயூராசில் இரண்டும் பேர்போனவை. சீட்டில் எழுதியிருக்காத இந்த விவரத்தை நாங்களே நோயாளியிடம் கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்வோம்.

எல்லாவற்றையும்விட எங்கள் ஊருக்குப் பொருந்தும் சிக்கல் காசநோய். படகில் இன்ஜின் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். நடுத்தர வயது. சளியில் ரத்தம், எக்ஸ்ரேயில் நுரையீரலில் குழி. வேறோர் இடத்தில் காசநோய் என்று மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள்; நம் நாட்டில் அப்படி நினைப்பதுதான் இயல்பு, நூற்றில் பெரும்பாலானோருக்கு அது சரியாகவும் இருக்கும். சளியில் கிருமி தெரியவில்லை, காய்ச்சலும் இறங்கவில்லை. எங்களிடம் ‘உப்பு’ பார்க்க மட்டும்தான் சீட்டு. கிரியாட்டினின் 3.8. அக்கா வாங்கி வைத்திருந்த யூரின் பழுப்பாக இருந்தது. சுற்றிப் பார்த்தால் காஸ்ட். மூக்கில் அடிக்கடி ரத்தப் பொருக்கு உதிர்கிறது, ஒரு காது மந்தம் என்பதெல்லாம் பேச்சுக் கொடுத்தபோது வந்தது. “அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று அவரே கேட்டார். அக்கா டாக்டருக்கு போன் போட்டு, அதே சீரத்தில் ஆன்கா பார்க்கட்டுமா என்றார். சி-ஆன்கா. ஆன்டிபாடியை எண்ணாகச் சொல்லும் எலைசா டெஸ்டில் பிஆர்3 மேல்வரம்பைத் தாண்டி நின்றது.

காசநோயிலும் இதய வால்வுத் தொற்றிலும்கூட ஆன்கா பாசிட்டிவ் வரலாம். ஸ்லைடில் பச்சை தெரிந்ததை மட்டும் வைத்துக் காசநோய் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட முடியாது. மாற்றிச் செய்தாலும் ஆபத்து: குழாய் அழற்சிக்குக் கொடுப்பது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து, உண்மையில் காசநோய் இருந்தால் அது பற்றிக்கொள்ளும். ஆகவே அவரைச் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பி, பயாப்ஸி எடுத்து, பிறைகளைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மருந்தைத் தொடங்கினார்கள். லேபில் இருப்பவர்களுக்கு நோயாளி என்றால் ஒரு குழாயும் பார்கோடும்தான். பிறகு வந்த குழாய்களில் அவருடைய கிரியாட்டினின் 3.8லிருந்து மெல்ல இறங்கி 2க்குப் பக்கத்தில் நின்றதைப் பார்த்துத்தான் ஆள் தேறிவருகிறார் என்று தெரிந்துகொண்டோம்.

இந்த நோய்க்கு மருந்து என்று ஒன்று இல்லாத காலமும் இருந்தது. 1958ல் இங்கிலாந்தில் வால்டன் என்பவர் தொகுத்த கணக்கில், அப்போது வெகனர் நோய் என்று அழைக்கப்பட்ட வகை வந்தவர்களில் 82 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் இறந்திருந்தார்கள். 1983ல் அமெரிக்காவில் 85 பேருக்கு சைக்ளோஃபாஸ்ஃபமைடும் ஸ்டீராய்டும் கொடுத்து 93 சதவீதம் பேருக்கு நோய் முழுதாகத் தணிந்தது என்று எழுதியவர் ஆன்டனி ஃபவுச்சி. கொரோனா காலத்தில் டிவியில் பார்த்த அதே ஃபவுச்சிதான். ஆன்காவின் கதை அதற்கு ஒரு வருடம் முன்னால், ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. 1982ல் டேவிஸும் கூட்டாளிகளும் சிறுநீரக அழற்சி வந்த எட்டுப் பேரின் ரத்தத்தில் நியூட்ரோஃபில் எதிர் ஆன்டிபாடியைக் கண்டார்கள். கொசு பரப்பும் ராஸ் ரிவர் வைரஸ்தான் காரணமோ என்று சந்தேகப்பட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 1985ல் டச்சு, டேனிஷ் மருத்துவர்கள் அதே ஆன்டிபாடியை வெகனர் நோயோடு முடிச்சுப்போட்டார்கள். 1988ல் வட கரோலினாவின் ஃபால்க்கும் ஜெனட்டும் பி-ஆன்காவின் இலக்கு எம்பிஓ என்று காட்டினார்கள். நோய்க்குப் பெயர் தந்த வெகனரின் நாஜித் தொடர்பு வெளியே வந்தபின் 2011லிருந்து அந்தப் பெயரைக் கைவிட்டு, ஜிபிஏ என்று சொல்கிறார்கள். பழைய சீட்டுகளில் மட்டும் வெகனர் இன்னும் எட்டிப் பார்ப்பார்.

யாருக்கு இந்த டெஸ்ட் போட வேண்டும் என்பதற்கு 1999ல் வெளியான சர்வதேச உடன்பாட்டிலேயே பட்டியல் இருக்கிறது. சிறுநீரில் ரத்தத்தோடு சிறுநீரக அழற்சி, நுரையீரலில் ரத்தக்கசிவு, ஆறாத மூக்கு காது நோய், காரணம் தெரியாமல் கை கால் நரம்பு செயலிழப்பது என்று போகும் அது. அந்தப் பட்டியலில் வராதவருக்குப் போட்டால் வரும் பாசிட்டிவ்களில் பெரும்பாலானவை பொய்யாகத்தான் இருக்கும். மூட்டு வலி என்றதும் ஏஎன்ஏ, ஆன்கா, இன்னும் பத்து எழுத்துகளைச் சேர்த்து ஒரு பேக்கேஜாக எழுதுவது இப்போது சகஜமாகிவிட்டது. 1:20ல் மங்கலாக ஒரு பச்சையைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கும் ஒரு ஆளைச் சென்னைக்கும் மதுரைக்கும் ரிப்போர்ட்டோடு அலையவிடுவது தப்பு. இதை நான் டாக்டர்களிடம் சொல்ல முடியாது. அக்கா சொல்வார், அதுவும் மிக மரியாதையாக: “சார், யூரின்ல ஒண்ணுமே இல்ல. ஆன்கா எதுக்குன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்.” சிலர் எழுதுவார்கள். சிலர் டெஸ்டை அடித்துவிடுவார்கள்.

நான் ஸ்லைடைப் பழகிக்கொண்டிருந்தபோதே ஸ்லைடின் காலம் முடியத் தொடங்கியிருந்தது. 2017ல் அந்தச் சர்வதேச உடன்பாட்டைத் திருத்தினார்கள். நல்ல தரமான பிஆர்3, எம்பிஓ கிட்டுகள் வந்துவிட்டன, குழாய் அழற்சிச் சந்தேகத்துக்கு முதல் டெஸ்டாக அவற்றையே போடலாம், ஸ்லைடு கட்டாயமில்லை என்றது புதிய உடன்பாடு. எலைசா தட்டின் குழியில் சுத்தமான நொதி பூசியிருக்கும். சீரம் ஊற்றிக் கழுவி, நிறம் தரும் சரக்கைச் சேர்த்தால் நீலம். அமிலம் விட்டால் மஞ்சள். மஞ்சளின் அடர்த்தியை மெஷின் எண்ணாக்கும். இருட்டறை வேண்டாம், பழகிய கண் வேண்டாம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யோசித்தால் அவர்கள் சொன்னது சரி. அக்கா லீவில் இருந்தால் ஆன்கா ரிப்போர்ட்டும் லீவில் இருந்த லேப் எங்களுடையது. ஒருவர் கண்ணை நம்பி ஒரு ஊரின் சிறுநீரகங்கள் இருக்கக் கூடாது. இப்போது எங்களிடமும் எலைசாதான் முதலில். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு எண் ஏறுகிறதா என்று தொடர்ந்து பார்ப்பதும் அதில்தான். அப்படி ஏறினாலும் உடனே மருந்தைக் கூட்டிவிட மாட்டார்கள், கிரியாட்டினினும் சிறுநீரும் என்ன சொல்கின்றன என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

இருட்டறையை ஆனாலும் அக்கா பூட்டவிடவில்லை. எலைசாவும் நோயாளியின் நிலையும் ஒத்துப்போகாத சாம்பிள் வந்தால் ஸ்லைடு போடச் சொல்வார். போன மழைக்காலத்தில் ஏரல் பக்கத்திலிருந்து ஒரு இளம்பெண்ணின் ரத்தம் வந்தது. கால் வீக்கம், சிறுநீரில் புரதம், உருக்குலைந்த சிவப்பணுக்கள். ஆன்கா கேட்டிருந்தார்கள். எலைசாவில் பிஆர்3 நெகட்டிவ், எம்பிஓ நெகட்டிவ். ரிப்போர்ட் அதோடு போயிருக்கலாம். நான் ஸ்லைடு போட்டேன். எத்தனால் சில்லில் கருக்கள் கண்ணைப் பறித்தன. ஃபார்மலின் சில்லில் ஒன்றுமில்லை. ஓரத்தில் கிடந்த லிம்ஃபோசைட்டும் எரிந்தது. ஹெப்-2வில் கரு முழுக்க ஒரே சீரான பச்சை. பிரிந்துகொண்டிருந்த அணுக்களில் குரோமோசோம் பட்டை தனியாகத் தெரிந்தது. டாக்டரிடம் பேசி, அதே சீரத்தில் டிஎன்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடியான ஆன்டி-டிஎஸ்டிஎன்ஏவும், காம்ப்ளிமென்ட் புரதங்களான சி3, சி4 அளவும் சேர்த்துப் பார்த்தோம். முதலாவது உச்சத்தில், மற்ற இரண்டும் தாழ்ந்து.

ரிப்போர்ட்டை நானே எழுதினேன். ஆன்கா நெகட்டிவ் என்று போட்டு, கீழே குறிப்பில் மூன்று வரி. எத்தனால் சில்லில் தெரிந்தது ஏஎன்ஏவின் விளைவு. ஆன்டி-டிஎஸ்டிஎன்ஏ பாசிட்டிவ், சி3 சி4 குறைவு. லூபஸ் சிறுநீரக அழற்சியாக இருக்கலாம். அக்கா படித்துவிட்டு மூன்றாவது வரியைப் பேனாவால் அடித்தார். “இந்த ரெண்டு வரியப் படிச்சா டாக்டருக்கே தெரியும். அத அவரு சொல்லட்டும்” என்று எங்கள் லேப் டாக்டரம்மாவின் கையெழுத்துக்கு அனுப்பினார்.